உழைச்செல்வார் பணி: மூச்சை எண்ணுதலும் நோயாளியைக் காத்தலும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போது நாம் பெரும்பாலும் அதன் எட்டாம் குறளிலேயே நின்றுவிடுகிறோம். நோயையும் அதன் காரணத்தையும் அதைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செய்யச் சொல்லும் அக்குறள் மேடைகளில் நாளும் ஒலிப்பது. அதனை அடுத்த இரண்டு குறள்களுக்கு அவ்வளவு புகழ் இல்லை. 949ஆம் குறள் நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றையும் அளந்தறியுமாறு பணிக்கிறது. 950ஆம் குறளோ மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக ஒருவனையும் சேர்த்து நிறுத்துகிறது. அவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’ என்பது.

‘உழை’ என்றால் இடம், பக்கம் என்று பொருள். எனவே உழைச்செல்வான் என்பான் நோயாளியின் பக்கத்தே சென்று நின்று பணி செய்பவன். வடமொழியிற் சரகர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலும் இதே நால்வகைப் பகுப்பைக் கூறி, அவற்றை மருத்துவத்தின் நான்கு கால்கள் என்கிறது. நாற்காலியில் எந்தக் கால் சிறியது, எந்தக் கால் பெரியது என்று யாரும் கேட்பதில்லை அன்றோ?

இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் வழங்குவது ‘தாதி’ என்னும் சொல். தமிழகத்தார் ‘செவிலி’ என்பர். சங்கப் பாடல்களிற் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தாதி என்பதும் வளர்ப்புத்தாய், பணிப்பெண் என்னும் பொருள்களிற் பழைய நூல்களில் வருவதே. இரண்டும் அன்பைச் சுட்டும் சொற்கள், குறையொன்றும் இல்லை. ஆயினும் மூன்றினுள்ளும் பணியின் இலக்கணத்தையே பெயராகக் கொண்டது ‘உழைச்செல்வான்’ ஒன்றுதான் என்பது என் கருத்து. பக்கத்தில் நிற்பதனால் மட்டுமே காணக்கூடியவை சில உள. அவற்றைக் கண்டு சொல்வதே அப்பணியின் உயிர். இக்கட்டுரை அதனைப் பற்றியது.

மருத்துவர் ஒரு நோயாளியின் படுக்கையருகே நாள்தோறும் சில நிமிடங்கள் நிற்பார். எஞ்சிய பொழுதெல்லாம் தாதியர் பொறுப்பு. உடலின் நிலை மருத்துவர் வரும் வேளை பார்த்து மாறுவதில்லை. நள்ளிரவு 2 மணிக்கும் மாறும். ஆதலின் மாற்றத்தை முதலிற் காணும் வாய்ப்பு தாதியர்க்கே உண்டு. பார்த்தல், கேட்டல், தொட்டறிதல், அளத்தல், எழுதுதல், உரியவரிடம் சொல்லுதல் ஆகிய இவையனைத்தும் சேர்ந்ததையே ‘தாதியர் மதிப்பீடு’ என்று இத்துறையார் வழங்குவர். இது நோயின் பெயரைக் கண்டுபிடிக்கும் வேலை அன்று. இந்த நோயாளி, இந்த நேரத்தில், சென்ற முறை பார்த்ததைவிட எவ்வாறு இருக்கிறார் என்பதே இதன் வினா.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854ஆம் ஆண்டு நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்கூடாரி படைமருத்துவமனைக்குச் சென்ற வரலாற்றை மாணவர்களும் அறிவர். கையில் விளக்கேந்திய படத்தைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த விளக்கைக் கொண்டு அவர் என்ன பார்த்தார் என்பதே நமக்கு வேண்டியது. 1859ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தாதிமைக் குறிப்புகள் என்னும் தம் நூலில் நோயாளியை உற்றுநோக்குதல் பற்றி ஒரு தனி இயலே வகுத்தார். ‘அவருக்கு இப்போது தேவலையா?’ என்று கேட்கும் வழக்கத்தை அதில் அவர் கடிந்துரைக்கிறார். அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் மனம்போனபடி விடை சொல்லலாம். எத்தனை மணி நேரம் உறங்கினார், எவ்வளவு உண்டார் என்று கேட்டால் பார்த்தவர்தாம் விடை சொல்ல முடியும்.

சிங்கப்பூரில் 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் பிரெஞ்சுக் கன்னித்துறவியர் சிப்பாய் லைன்ஸ் பகுதியிலிருந்த பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பேணும் பொறுப்பை ஏற்றனர். அந்நாளே இன்று அங்குத் தாதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் அவர்களிடம் இரத்த அழுத்தக் கருவி இல்லை. அது 1896இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி என்பவரால் பயன்படு வடிவம் பெற்றது. கண்ணும் கையும் கடிகாரமும் இருந்தன. ஆனால் அம்மூன்றையும் கொண்டே அளக்கக்கூடிய ஒரு குறி அன்றும் இருந்தது. இன்றும் அதற்கு அவைதாம் போதும். அது மூச்சு.

ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 21,600 என்று யோக நூல்களும் சித்தர் மரபும் கணக்குச் சொல்லும். ஒரு நாழிகைக்கு 360. நாளுக்கு 60 நாழிகை. தில்லைப் பொன்னம்பலத்தின் பொன்னோடுகளின் தொகையும் இதுவே என்று வழக்கிற் சொல்லுவர். மாணவரிடம் இக்கணக்கைக் கொடுத்து நிமிடத்திற்கு எத்தனை என்று வகுக்கச் சொன்னால் 15 என்று விடை வரும். இன்றைய மருத்துவம் வளர்ந்தோர்க்கு ஓய்விலிருக்கையில் இயல்பென்று கொள்ளும் அளவு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை. பழங்கணக்கு அதன் நடுவே வந்து அமர்வது வியப்பூட்டும் ஒற்றுமைதான். ஆயினும் மூச்சை எண்ணிப் பழகிய மரபினராகிய நாம், வீட்டில் ஒருவர் நோயுற்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம், நாடியைப் பிடித்துப் பார்க்கிறோம், மூச்சை எண்ணுவது மட்டும் இல்லை.

மருத்துவமனைகளிலும் இதே குறை உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவ இதழொன்றில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரை, மூச்சு வீதத்திற்குப் ‘புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி’ என்றே பெயர் சூட்டியது. காரணம் எளிது. வெப்பம், இரத்த அழுத்தம், நாடி ஆகியவற்றைக் கருவி தானே அளந்து எண்ணாகக் காட்டிவிடும். மூச்சுக்கு ஒருவர் ஒரு முழு நிமிடம் நின்று மார்பின் ஏற்றத் தாழ்வைப் பார்க்க வேண்டும். முப்பது பேர் படுத்திருக்கும் வார்டில் ஒரு முழு நிமிடம் என்பது நீண்ட நேரம். ஆகவே பார்த்த அளவிலே 18 என்றோ 20 என்றோ எழுதிவிடும் பழக்கம் பல நாடுகளிலும் புகுந்துவிட்டது. ஒரு வார்டில் உள்ள நோயாளிகள் அனைவரும் நிமிடத்திற்கு 18 முறை மூச்சுவிடுகிறார்கள் என்று தாள் சொன்னால், அங்கு யாரும் எண்ணவில்லை என்பதே பொருள்.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. தம் மூச்சைப் பிறர் எண்ணுகிறார் என்று தெரிந்தால் எவருக்கும் மூச்சு மாறிவிடும். இப்போது இதைப் படிக்கும் அன்பர்களுக்கும் மாறியிருக்கும். ஆதலின் தேர்ந்த தாதி நாடி பார்த்து முடிந்த பிறகும் கையை எடுப்பதில்லை. மணிக்கட்டைப் பிடித்தபடியே பார்வையை மார்பின்மேல் வைத்து எண்ணுவார். நோயாளி நாடி பார்ப்பதாகவே எண்ணிக்கொண்டு இயல்பாக மூச்சுவிடுவார். 15 நொடி எண்ணி 4ஆற் பெருக்குவது தவறான சிக்கனம். எண்ணிக்கையில் ஒன்று பிழைத்தால் விடையில் நான்கு பிழைக்கும். எண்ணும்போதே ஆழமா, மேலோட்டமா, கழுத்துத் தசை இழுக்கிறதா, ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் இளைப்பு வருகிறதா என்பனவும் கண்ணிற் படும். கருவி இவற்றைச் சொல்லாது.

மூச்சு ஏன் முந்திக்கொண்டு சேதி சொல்கிறது? கிருமி இரத்தத்திற் கலந்தோ, உள்ளே குருதி கசிந்தோ உடல் நலிகிறது என்று கொள்வோம். உடலின் நுண்கலங்களுக்கு ஆக்சிஜன் எனப்படும் உயிர்வளி போதாமற் போகிறது. அவை அமிலத்தை வெளியிடுகின்றன. இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. மூளையின் அடிப்பாகமாகிய முகுளத்திலும் கழுத்துத் தமனிகளிலும் உள்ள உணர்விகள் இதனை உடனே அறிந்து, மூச்சை விரைவுபடுத்திக் கரியமில வாயுவை மிகுதியாக வெளியேற்றி அமிலத்தை ஈடுசெய்யப் பார்க்கின்றன. இரத்த அழுத்தம் இப்போதும் இறங்கியிராது. இதயம் விரைந்தடித்தும் இரத்தக் குழாய்கள் சுருங்கியும் அதனைத் தாங்கிப் பிடிக்கும். பணமுடை வந்தும் வெளியிற் காட்டாமல் நகையை அடகு வைத்துச் சமாளிக்கும் குடும்பம் போன்றது இது. நகை தீர்ந்த பிறகே ஊருக்குத் தெரியும். அழுத்தம் இறங்கிவிட்டது என்று காணும்போது உடல் தன் சேமிப்பையெல்லாம் செலவிட்டு முடித்திருக்கும்.

எதிர்ப்புறத்தும் மூச்சே குறி. அறுவைக்குப் பின் வலி தணிக்க மார்பின் முதலிய மருந்துகள் கொடுப்பதுண்டு. அளவு மிஞ்சினால் அவை மூச்சைத் தளர்த்தும். நிமிடத்திற்கு 8 என்று இறங்கி, தட்டி எழுப்பினாலும் கண் விழிக்காத நோயாளியைப் பார்த்து, உறவினர் ‘இன்றுதான் அலுப்புத் தீர உறங்குகிறார்’ என்று மகிழ்ந்து விளக்கை அணைத்துவிடுவர். மூச்சை எண்ணிப் பார்த்தவர் அவ்வாறு செய்யமாட்டார்.

தனித்தனிக் குறிகளைப் பார்ப்பதோடு அமையாமல், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காணும் முறையொன்றை இலண்டனிலுள்ள அரச மருத்துவர் கல்லூரி 2012ஆம் ஆண்டு வெளியிட்டு, 2017இல் திருத்தியது. முன்னெச்சரிக்கைப் புள்ளி முறை எனலாம். மூச்சு வீதம், இரத்தத்தில் உயிர்வளியின் நிறைவு, செயற்கையாக உயிர்வளி கொடுக்கப்படுகிறதா என்பது, இரத்த அழுத்தத்தின் மேல் அளவு, நாடி, உணர்வு நிலை, வெப்பம் ஆகிய ஏழினுக்கும் புள்ளி உண்டு. இயல்பாக இருந்தால் 0. விலக விலக 1, 2, 3 என்று ஏறும். செயற்கை உயிர்வளி கொடுத்தால் 2. பல நாடுகளின் மருத்துவமனைகள் இதனையோ இதனை ஒத்த வேறு முறைகளையோ கைக்கொள்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். வயிற்றில் அறுவை நடந்து இரண்டாம் நாள்; 60 வயது ஆடவர். காலையில் மூச்சு 16, உயிர்வளி நிறைவு நூற்றுக்கு 97, மேல் அழுத்தம் 128, நாடி 84, வெப்பம் 37.2 பாகை செல்சியஸ், தெளிந்த உணர்வு. எல்லாம் இயல்பு, புள்ளி 0. மாலையில் மூச்சு 22, நிறைவு 95, அழுத்தம் 116, நாடி 98, வெப்பம் 38.2, உணர்வு தெளிவு. ஒவ்வொன்றாகப் பார்ப்பவர் ‘இலேசான காய்ச்சல், அவ்வளவே’ என்று போய்விடுவார். முறைப்படி கணக்கிட்டால் மூச்சுக்கு 2, நிறைவுக்கு 1, நாடிக்கு 1, வெப்பத்திற்கு 1. அழுத்தத்திற்கு ஒன்றும் இல்லை. ஆகத் தொகை 5. ஐந்து என்பதே அம்முறையில் விரைந்து மருத்துவரை அழைக்க வேண்டிய எல்லை. அதன்பின் மணிக்கொரு முறையேனும் மறுபடி அளக்க வேண்டும். அழைக்காமல் விட்டு நள்ளிரவில் பார்த்தால் மூச்சு 26, நிறைவு 93, அழுத்தம் 98, நாடி 118, வெப்பம் 38.8, இடம் காலம் தெரியாத குழப்பம். இப்போது தொகை 3, 2, 2, 2, 1, 3 எனக் கூடி 13. ஏழு ஆனாலே அவசரநிலை. மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடைப்பட்ட ஏழெட்டு மணி நேரமே அந்நோயாளியின் பிழைப்பு. அந்நேரத்தை வாங்கிக் கொடுத்திருக்கக்கூடியது மாலையில் எண்ணிய மூச்சு. அந்த மூச்சை எண்ணாமல் 18 என்று எழுதியிருந்தால் தொகை 3 ஆகியிருக்கும், எவரும் அழைக்கப்பட்டிருக்கமாட்டார்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. 16 வயதுக்குட்பட்டவர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் இது பொருந்தாது; அவர்கட்கு வேறு அளவுகள். நாட்பட்ட நுரையீரல் நோயால் உயிர்வளி குறைவாகவே இருந்து பழகிய சிலருக்கு நிறைவைக் கணிக்கத் தனி அட்டவணை வைத்திருக்கிறார்கள். தொகை குறைவாக இருந்தும் ‘ஏதோ சரியில்லை’ என்று அனுபவமுள்ள தாதிக்குத் தோன்றினால் அதற்கும் மதிப்புக் கொடுக்கவேண்டும் என்பதே நன்கறிந்தோர் கொள்கை. ஆசிரியர்கட்கு இது புதிதன்று. தேர்வு மதிப்பெண் நன்றாக இருந்தும், ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தே வீட்டில் ஏதோ தொல்லை என்று அறிந்துகொள்கிறோம் அல்லவா?

இனி, நம்மவர் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவ நூல்கள் பலவும் வெளிறிய தோலை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. உயிர்வளி குறைந்தால் உதடு நீலம் பாரிக்கும் என்று அவை கூறும். மாநிறத்தாரிடமும் கருநிறத்தாரிடமும் அந்த நீலத்தை உதட்டின் புறத்தே தேடினால் கிட்டாது. சாம்பல் பூத்தாற்போலத் தோன்றலாம். நாக்கு, வாயின் உட்புறம், இமையின் உட்புறம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்திற் பார்க்கவேண்டும்.

விரல்நுனியிற் கவ்வும் ஆக்சிமீட்டர் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானியரான தக்குவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் வகுத்த அக்கருவி, சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலினூடே செலுத்தி, இரத்தம் எதனை எவ்வளவு விழுங்குகிறது என்று கணக்கிடும். தோலின் கருமைப் பொருளும் ஒளியை விழுங்குவதே. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் இரத்தத்தை எடுத்துச் சோதித்ததையும் ஒப்பிட்டது. உண்மையில் 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6, கறுப்பினத்தாரிடம் 11.7. ஏறத்தாழ மூன்று மடங்கு. அவ்வாய்வு அந்நாட்டு மக்களைப் பற்றியது. அதே எண்ணைத் தமிழர்க்கு ஒட்டிச் சொல்வதற்கில்லை. ஆயினும் கருந்தோலர் ஒருவர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்போது, ‘கருவி 95 காட்டுகிறது, அச்சமில்லை’ என்று அமைதி கொள்வது அறிவுடைமை ஆகாது. குளிர்ந்த விரலும் நகப்பூச்சும்கூடக் கருவியை ஏமாற்றும். இங்கும் எண்ணிய மூச்சே துணை. அதற்குத் தோலின் நிறம் தெரியாது.

படுக்கைப் புண்ணின் நிலையும் இதுவே. அசைய முடியாதவர் நெடுநேரம் ஒரே பக்கம் கிடந்தால், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கி, இரத்தவோட்டம் நின்று அழுகும். இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்னும் தாதி தம் உடனாய்வாளரோடு 1962இல் வெளியிட்ட நூலில், புண் வருமுன்னரே வரக்கூடியவரை அறிய ஓர் அளவுகோல் தந்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையிற் புரளும் ஆற்றல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் 4 முதல் 1 வரை மதிப்பெண், மொத்தம் 20. பதினான்கும் அதற்குக் கீழும் ஆபத்து. பிற்காலத்தில் நுட்பமான வேறு அளவுகோல்கள் வந்துவிட்டன. முதற்குறியாக நூல்கள் சொல்வது, விரலால் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு. கருந்தோலில் அந்தச் சிவப்பைத் தேடினால் புண் வெடித்த பிறகே தெரியும். புறங்கையால் தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, சேறுபோல் இளகியோ இருக்கிறதா, அங்கு வலி உண்டா என்று காணவேண்டும். இடுப்பின் அடியும் குதிகாலும் முதலிற் பார்க்க வேண்டியவை. வீட்டில் முதியோரைப் பேணுவோர்க்கும் இது உதவும்.

கண்டதை எழுதினால் மட்டும் போதாது, சொல்லவேண்டும். இரவில் மருத்துவரை எழுப்ப அஞ்சி விடியட்டும் என்று காத்திருப்பது உலகெங்கும் உள்ள குறை. அழைத்தாலும், ‘டாக்டர், ஏழாம் கட்டில் நோயாளிக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை’ என்று சொன்னால், அரைத்தூக்கத்தில் இருப்பவர் ‘சரி, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பார். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிய ஒரு பேச்சுமுறையை மருத்துவமனைகள் இதற்காகக் கடன் வாங்கின. இப்போதைய நிலை, பின்னணி, நம் மதிப்பீடு, நாம் வேண்டுவது என்று நான்கு படி. மேலே கண்ட நோயாளிக்காக மாலையில் அழைக்கும் தாதி இவ்வாறு சொல்வார்: ‘டாக்டர், ஏழாம் கட்டில் நோயாளிக்கு மூச்சு 22, வெப்பம் 38.2, மொத்தப் புள்ளி 5. வயிற்று அறுவை முடிந்து இரண்டாம் நாள். காலையில் புள்ளி 0. உள்ளே கிருமி பரவுகிறதோ என்று அஞ்சுகிறேன். நீங்கள் அரைமணிக்குள் வந்து பார்க்க வேண்டும்.’ கடைசி வாக்கியத்தைச் சொல்வதுதான் கடினம். பணிவு என்னும் பெயரால் நாம் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடும் மௌனம் இங்கே உயிருக்கு உலை வைக்கும்.

மருந்து கொடுப்பதிலும் பிழை நேர்வது பெரும்பாலும் சிறிய இடத்தில். உரிய ஆள், உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்பதைத் தாதியர் மாணவப் பருவத்திலேயே மனப்பாடம் செய்கிறார்கள். ஒரே வார்டில் இரண்டு முருகனும் மூன்று லட்சுமியும் இருப்பது நம்மவரிடை அரிதன்று. ‘நீங்கள்தானே முருகன்?’ என்று கேட்டால் காது மந்தமானவரும் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவர். ‘உங்கள் பெயர் என்ன? பிறந்த நாள் என்ன?’ என்று கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிடுவதே முறை. ஒரே நாளில் நாலுமுறை கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு இதனை எடுத்துச் சொல்லவேண்டும்.

தமிழாசிரியர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. அது சொல்லைப் பற்றியது. இந்நாடுகளின் மருத்துவமனைகளில் தமிழ் முதியவர் ஒருவரின் படுக்கையருகே நிற்கும் தாதி மலாய்க்காரராகவோ சீனராகவோ பிலிப்பீன்ஸ் நாட்டவராகவோ இருக்கலாம். பிள்ளையோ பேரனோ மொழிபெயர்க்கிறார். ‘பாட்டிக்கு மயக்கமாக இருக்கிறதாம்.’ மயக்கம் என்பது என்ன? தலைசுற்றலையும் மயக்கம் என்போம். குமட்டலையும் சிலர் அப்படியே சொல்லுவர். நினைவிழந்து விழுவதும் மயக்கம். அறிவு கலங்குவதும் மயக்கமே; இலக்கியத்தில் அப்பொருளே பெரிது. மேற்சொன்ன புள்ளி முறையில் தலைசுற்றலுக்கும் குமட்டலுக்கும் புள்ளி இல்லை. புதிதாக வந்த அறிவுக் குழப்பத்திற்கும் நினைவு மங்கலுக்கும் 3. அந்த ஒன்றே மருத்துவரை உடனே அழைக்கப் போதுமானது. ஒரே சொல் ஆபத்தற்றதையும் ஆபத்தானதையும் குறிக்குமானால், மொழிபெயர்ப்பவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் உயிர் ஊசலாடும். ‘அறை சுற்றுகிறதா? வாந்தி வருகிறதா? கண் இருட்டிக்கொண்டு வருகிறதா?’ என்று பாட்டியையே பிரித்துக் கேட்டு, அதன்பின் மொழிபெயர்க்க வேண்டும்.

வலிக்கும் அவ்வாறே. ரொனால்டு மெல்சாக் என்னும் கனடா நாட்டு அறிஞர் 1975இல் ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் 78 சொற்களைத் தொகுத்து, நோயாளி தமக்குப் பொருந்தியதைத் தேர்ந்துகொள்ளும்படி வகைப்படுத்தினார். தமிழில் இதற்குப் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, இசிவு, உளைச்சல், பிசைதல், விண்விண்ணென்று தெறித்தல், சுருக்கென்று இழுத்தல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எரிச்சல் வேறு, பிசைதல் வேறு என்பது மருத்துவர்க்கும் பயன்படும் வேறுபாடு. ஆனால் வீட்டில் தமிழ் சுருங்கிப்போன பேரனுக்கு எல்லாமே ‘வலி’ ஒன்றுதான். மேலும் நம் முதியோர் எவ்வளவு வலி என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றே சொல்லிப் பழகியவர்கள். அனுபவமுள்ள தாதி அந்தச் சொல்லை நம்புவதில்லை. ஆழ மூச்சிழுக்கச் சொல்லுவார், ஒருமுறை இருமச் சொல்லுவார், முகத்தைப் பார்ப்பார்.

நோயாளியின் இயல்பை நன்கறிந்தவர் குடும்பத்தாரே. இதனைச் சில நாடுகள் இப்போது விதியாகவே ஆக்கிவிட்டன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ‘ரையன் விதி’ வந்தது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் 2024 முதல் ‘மார்த்தா விதி’ நடைமுறைக்கு வரத் தொடங்கியது. இரண்டும் நிலை மோசமானது உரிய நேரத்தில் உணரப்படாமல் உயிரிழந்த பிள்ளைகளின் பெயரைத் தாங்கியவை. நோயாளியின் நிலை மோசமாகிறது, சொல்லியும் செவிசாய்ப்பார் இல்லை என்று குடும்பத்தார் கருதினால், வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்குமாறு அவர்களே நேராக அழைக்கலாம் என்பது இவ்விதிகளின் சாரம்.

அத்தகைய விதி இல்லாத இடத்திலும் குடும்பத்தார் சொல்வதைத் தாதி தம் தாளில் எழுத முடியும். எழுதத்தக்க வடிவில் சொன்னால். ‘அப்பா ஒரு மாதிரியாக இருக்கிறார்’ என்பதை எங்கே எழுதுவது? ‘காலையில் பேத்தியின் பெயரைச் சொல்லி அழைத்தார், பிற்பகல் 4 மணி முதல் அவளை யாரென்று கேட்கிறார், மூச்சு நிமிடத்திற்கு 24’ என்றால், அதற்குத் தாளில் இடமும் உண்டு, புள்ளியும் உண்டு.